கால்பந்து மன்றத்துக்கு ஒரு டீக்கடை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஊர் டீம் ஒன்று நிலைத்து நிற்க வேண்டுமானால் காசு வேண்டும். பந்து கிழியும், வலை அறுந்துபோகும். ஜவ்வாது மலையிலிருந்து போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கி ஆடப் போனால் 15 பேருக்குப் பஸ் சார்ஜ், மதியச் சாப்பாடு, டோர்னமென்ட் நுழைவுக் கட்டணம் எல்லாம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வசூலுக்குப் போனால், மூன்றாம் தடவை ஊர் முகம் கொடுக்காது. அதனால்தான் உலகில் பல ஊர்களில் மன்றமே ஒரு கடை நடத்துகிறது. இங்கிலாந்தின் சிறிய கால்பந்து மன்றங்கள் மைதானத்தை ஒட்டி ஒரு பார் வைத்திருக்கின்றன. ஆட்டம் பார்க்க வந்தவர்கள் அங்கே குடிக்கும் பீர்க்காசு மன்றத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று. கொல்கத்தாவில் மோகன் பகான் போன்ற பழைய மன்றங்கள் மைதான் கூடாரங்களில் கேன்டீன் வைத்திருக்கின்றன.

ஜவ்வாது மலைக்கு அந்தப் பார் வேண்டாம், உரிமம் இல்லாமல் அதற்குச் சட்டத்திலும் இடமில்லை. ஆனால் மன்றத்துக்கென்று ஒரு கடை என்ற யோசனை நமக்கு நன்றாகப் பொருந்தும். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும் மைதானத்து ஓரத்தில் ஓர் அடுப்பு, இரண்டு பெஞ்சு, டீ, சாமைப் பலகாரம் என்று தொடங்கிவிடலாம். டீப் போடக் கற்றுக்கொள்வது சுலபம். பத்து வயதுப் பெண் குழந்தையும் பயமில்லாமல் வந்து நிற்கிற கடையாக, கணக்கை ஊரில் யார் கேட்டாலும் எடுத்து நீட்டுகிற கடையாக அதை நடத்துவதுதான் கஷ்டம். இந்தப் பட்டியல் அதற்காக எழுதியது.

முதலில் மது, புகையிலை

செய்யக்கூடாதவை

• மன்றத்தின் பெயரில் ஒரு குவார்ட்டர்கூட விற்காதீர்கள். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. நகரத்து கிளப்புகள் உறுப்பினர்களுக்கு மது பரிமாறுவது எஃப்.எல்.2 என்ற தனி உரிமம் வாங்கித்தான். டாஸ்மாக்கில் பெட்டியாக வாங்கி வந்து மேலே இருபது, முப்பது வைத்து விற்பது குற்றம். மாட்டினால் வழக்கு விற்றவர்மேல் பாயும், மன்றத்தின் பெயரும் அதோடு போகும்.

• “வெளிநாட்டில் விற்கிறார்களே” என்று வாதாடாதீர்கள். இங்கிலாந்திலேயே மேல்மட்ட ஐந்து லீகுகளில், ஆடுகளம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து குடிக்கக்கூடாது என்று 1985-இல் சட்டம் போட்டார்கள். 2022 உலகக் கோப்பை தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, மைதானங்களைச் சுற்றி பீர் விற்கக்கூடாது என்று கத்தாரில் முடிவானது. போட்டிக்குப் பணம் கொடுத்த ஸ்பான்சர்களில் ஒன்று பீர் கம்பெனி. இருந்தும் ஆட்டங்கள் நடந்தன, ஜனமும் வந்தது.

• காய்ச்சிய சரக்கு என்ற பேச்சையே மைதானத்துக்குள் விடாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். மெத்தனால் கலந்திருப்பது பார்த்தாலும் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது. “நம்ம ஆள் காய்ச்சினது” என்ற நம்பிக்கை யாரையும் காப்பாற்றாது.

• 18 வயதுக்குக் கீழே உள்ளவர் கையில் மதுவையோ புகையிலையையோ கொடுத்தால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்ச ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம். நம் டீமில் ஆடுகிறவர்களில் பாதிப்பேர் அந்த வயதுக்காரர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

• பீடி, சிகரெட், பாக்கெட் புகையிலை வைக்காதீர்கள். பள்ளியிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது, மலையில் பல மைதானங்கள் பள்ளி மைதானங்கள்தாம். “அது இருந்தால்தான் கடை ஓடும்” என்று சொல்பவர் நிச்சயம் ஒருவர் இருப்பார். அந்த வியாபாரம் ஊரின் மற்ற கடைகளுக்கே இருக்கட்டும்.

• மதுக் கம்பெனிப் பெயரை ஜெர்சியில் போடாதீர்கள். 1998-இல் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் மோகன் பகானிலும் ஈஸ்ட் பெங்காலிலும் பங்கு வாங்கியது. அதன்பின் ஒரு டீமின் பெயருக்கு முன்னால் மெக்டவலும் இன்னொன்றின் பெயருக்கு முன்னால் கிங்ஃபிஷரும் வந்து உட்கார்ந்தன. பழம்பெருமை உள்ள மன்றங்களுக்கே அது நெருடலாகத்தான் இருந்தது. நம் ஜெர்சியைப் போடுவது எட்டாவது படிக்கிற பையன்.

செய்ய வேண்டியவை

• கப் ஜெயித்த இரவுக்கு முன்கூட்டியே திட்டம் போடுங்கள். மன்றத்துக்குள் மது நுழைவது பெரும்பாலும் அந்த ஓர் இரவில்தான். கோப்பை கைக்கு வந்ததும் “என்ன செய்யலாம்” என்று யோசிக்க ஆரம்பித்தால், யாராவது பைக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் கடையில் கோழிக் குழம்பும் சோறும் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். ஆடினவர்களின் அப்பா அம்மாவையும் கூப்பிடுங்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும் பந்தியில் பாட்டில் வெளியே வராது.

• குடித்துவிட்டு வருகிறவரை யார் அனுப்பி வைப்பது என்று முன்பே தீர்மானியுங்கள். வயதில் மூத்த, ஊரில் மதிப்புள்ள ஒருவர் அதைச் செய்யட்டும். “அண்ணே, இன்னிக்கு வீட்டுக்குப் போங்க, நாளைக்கு டீக்கு வாங்க” என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போகலாம். பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தினால் அன்று மாலையே அது ஊர்ச்சண்டையாகும்.

இடமும் அனுமதியும்

செய்ய வேண்டியவை

• மன்றத்தைச் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் போதும். பதிவு இருந்தால் மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கலாம், மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் சேரக் கேட்கலாம், உதவி கேட்டு எழுதும் மனுவுக்கும் மதிப்பு இருக்கும்.

• கிராம சபையில் சொல்லி, தீர்மானமாகப் பதியவையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. எங்கே கடை, யார் நடத்துவது, லாபம் எதற்கு என்ற மூன்றும் தீர்மானத்தில் வர வேண்டும். பின்னால் ஊராட்சித் தலைவர் மாறினாலும் அந்தக் காகிதம் பேசும்.

• 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு உணவு வியாபாரிக்கான பதிவை எடுத்துக் கடையில் மாட்டுங்கள். டீக்கடைக்கும் அது வேண்டும்.

• மன்றத்துக்கென்று நிரந்தரக் கட்டடம் வேண்டும், ஆனால் இருப்பது வனநிலம் என்றால், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். கிராம சபையின் பரிந்துரையோடு 1 ஹெக்டேருக்குள் சில பொது வசதிகளுக்கு அந்தச் சட்டம் வழி விடுகிறது, சமுதாயக் கூடமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டீக்கடை அதில் இல்லை. ஆகவே ஊருக்கான கூடம் என்று கேட்டு, ஊருக்கான கூடமாகவே கட்டுங்கள்.

செய்யக்கூடாதவை

• காப்புக்காட்டு எல்லைக்குள் ஒரு கம்புகூட நடாதீர்கள். “யாரும் கேட்க மாட்டார்கள்” என்று போட்ட கொட்டகையை ஒரு நாள் பிரிக்கச் சொல்வார்கள். அதோடு மைதானமும் கைவிட்டுப் போகலாம்.

• வாய்ச்சொல்லை நம்பித் தனியார் நிலத்தில் பணம் போடாதீர்கள். தெற்கு லண்டனில் 1893-இல் தொடங்கிய டல்விச் ஹேம்லெட் என்ற மன்றம், மைதானத்தை வைத்திருந்த நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறில் 2018 மார்ச்சில் தன் சொந்த மைதானமாகிய சாம்பியன் ஹில்லை விட்டு வெளியேற வேண்டிவந்தது. டிசம்பரில்தான் திரும்ப முடிந்தது. நூற்றாண்டு கண்ட மன்றத்துக்கே அந்தக் கதி என்றால், பங்காளி நிலத்தில் கொட்டகை போடும் நமக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும்.

• கடையை ஒருவர் பெயரில் எழுதாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவரானாலும் சரி, அவருக்குப் பின்னால் வருகிற வாரிசுகளோடு நீங்கள் பேச வேண்டியிருக்கும்.

அடுப்பும் பண்டமும்

செய்ய வேண்டியவை

• மலையில் விளைவதை விற்பனைக்கு வையுங்கள். காலையில் சாமை உப்புமா, மாலையில் சுண்டலும் கேழ்வரகு அடையும், குளிர் இறங்கினால் சுக்குமல்லிக் காபி, வெயில் நாளில் மோரும் புளிப் பானகமும் என்று பட்டியல் போடலாம். பலா பழுக்கும் மாதங்களில் சுளை, சீத்தாப்பழக் காலத்தில் பழம் என்று பருவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சாமையை உள்ளூர் வீடுகளிலேயே வாங்கினால் கடையின் காசில் ஒரு பங்கு ஊருக்குள்ளேயே சுற்றும்.

• சுற்றுலாக்காரரையும் மனத்தில் வையுங்கள். பீமன் நீர்வீழ்ச்சிக்கும் கோமுட்டேரிப் படகுத்துறைக்கும் காவலூர் வைனு பாப்பு வானாய்வகத்துக்கும் வருகிறவர்கள் பிஸ்கட் பாக்கெட்டைத் தங்கள் ஊரிலேயே வாங்கியிருப்பார்கள். அவர்கள் தேடுவது தேன், சாமை, புளி. தேனைச் சுத்தமாக வடிகட்டி, எடுத்த மாதத்தை எழுதி ஒட்டி, கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். கோடை விழா நாட்களில் ஜமுனாமரத்தூரில் ஒரு கடை போட இடம் கேளுங்கள்.

• தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, மூடிய பாத்திரத்தில் குழாயோடு வையுங்கள். ஆடுகிறவர்களும் அதைத்தான் குடிப்பார்கள். ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை டீமில் நாலு பேர் குறைவார்கள்.

• எவர்சில்வர் டம்ளரும் தட்டும் வாங்குங்கள். முதல் மாதம் செலவுதான், பிறகு வருடக்கணக்கில் உழைக்கும். கழுவ வெந்நீர், சாம்பலோ சோப்போ, கவிழ்த்துவைக்க ஒரு கம்பித் தட்டு, இவ்வளவு போதும்.

செய்யக்கூடாதவை

• பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட் எதுவும் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இவற்றுக்குத் தடை. தடை இல்லாவிட்டாலும் நமக்கு ஆகாது. மலைச்சரிவில் எறிந்த கப் முதல் மழையிலேயே ஓடைக்குள் இறங்கும். மிச்சம் மீதியைத் தேடிக் குரங்கும் பன்றியும் மைதானத்துக்கு வரத் தொடங்கினால் நிறுத்த முடியாது.

• காட்டில் பச்சை மரம் வெட்டி அடுப்பெரிக்காதீர்கள். சந்தன மலை என்று பெயர் வாங்கிய இடம் இது. விறகுக் கட்டோடு போகும் பையனை வனத்துறை நிறுத்தினால் பதில் சொல்லப்போவது அவன் வீடு. எரிவாயு வைத்தால் 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்குங்கள். வீட்டுக்குத் தரும் சிலிண்டரைக் கடையில் வைப்பது விதிமீறல்.

• வடை சுட்ட எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சாதீர்கள். மட்டமான பண்டத்தை “மன்றத்துக்காக” என்று சொல்லி ஊர் தலையில் கட்டாதீர்கள். டீ நன்றாக இருந்தால்தான் மன்றத்தின் மீது பிரியமில்லாதவரும் வருவார்.

கல்லாவும் கணக்கும்

இந்த மாதிரி மன்றக் கடை மூடிக்கிடந்தால், பெரும்பாலும் காரணம் கல்லாதான். வியாபாரம் இல்லாமல் மூடுவது குறைவு. அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

செய்ய வேண்டியவை

• ஒரு டீக்கு எவ்வளவு நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு, டீ 10 ரூபாய். பால், தூள், சர்க்கரை, எரிவாயு, கூலி எல்லாம் சேர்த்து 7 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 3 ரூபாய். நாளைக்கு 60 டீ போனால் 180 ரூபாய், மாதம் 26 நாள் திறந்தால் 4,680 ரூபாய். இப்போது அந்த 60-இல் 10 டீ கடனாகப் போய்த் திரும்பவில்லை என்று பாருங்கள். ஒரு நாளில் 100 ரூபாய் குறைகிறது, 180 ரூபாய் லாபம் 80 ஆகிறது. பத்துப் பேர் வாங்கிய கடன், அன்றைய லாபத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது. இந்தக் கணக்கை அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டுங்கள்.

• நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: தேதி, வரவு, செலவு, கையிருப்பு. தினமும் கடை சாத்தும்போது இரண்டு பேர் எண்ணி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணுகிறவர்கள் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக்கூடாது. பால்காரருக்குக் கொடுத்த சில்லறைக்கும் துண்டுச்சீட்டு வேண்டும்.

• மாதம் ஒரு தடவை கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதி மைதானத்துச் சுவரில் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் உரக்கப் படியுங்கள். சந்தேகம் கேட்கிறவருக்கு நோட்டை எடுத்துக் காட்டுங்கள், முகம் சுளிக்காதீர்கள்.

• வாரம் ஒரு முறை பணத்தை வங்கியில் போடுங்கள். எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மலையில் சிக்னல் வரும், போகும். அதனால் ஜிபே மட்டும் என்று இருக்காமல் சில்லறையும் வைத்திருங்கள். ஜிபே ஸ்டிக்கர் மன்றக் கணக்கின் பெயரில் இருக்க வேண்டும்.

• பெரிய முடிவுகளை எல்லோரும் சேர்ந்து எடுங்கள். 2005-இல் மான்செஸ்டர் யுனைட்டடை அமெரிக்க முதலாளி ஒருவர் வாங்கியபோது, மனம் ஒடிந்த ரசிகர்கள் எஃப்.சி. யுனைட்டட் ஆஃப் மான்செஸ்டர் என்று புதிதாக ஒரு மன்றம் தொடங்கினார்கள். அங்கே எவ்வளவு பணம் போட்டவருக்கும் ஒரே ஓட்டுத்தான். பத்து ஆண்டில், 2015-இல், சொந்த மைதானமும் கட்டிவிட்டார்கள். நம் மன்றத்திலும் ஜீப் வைத்திருப்பவருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் ஒரே ஓட்டு இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• கடன் நோட்டுத் திறக்காதீர்கள். “டீமுக்கே ஆடுறேன், எனக்கு இல்லையா” என்று கேட்கிற தம்பிக்கும் சேர்த்துத்தான். ஆடுகிறவர்களுக்கு இலவசம் என்றால், எந்த நாளில், எத்தனை டீ என்று எழுதி அதைச் செலவில் காட்டுங்கள்.

• கல்லாவிலிருந்து யாருக்கும் கைமாற்றுக் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரி, சாவு என்று உண்மையான அவசரம் வரும். அதற்குத் தனியாக ஒரு சிறு நிதி ஒதுக்கி, கூடிப் பேசிக் கொடுங்கள்.

• கடையில் சீட்டு ஆட விடாதீர்கள். மேட்ச் மேல் பந்தயம் கட்டவும் விடாதீர்கள். கேரம் போர்டு போதும். காசு வைத்து ஆடத் தொடங்கிய நாளில் பெண்கள் கடைக்கு வருவதை நிறுத்துவார்கள்.

• தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர் தரும் பணத்தைக் கல்லாவில் போடாதீர்கள். வாங்கினால் மறுகட்சிக்கார வீட்டுப் பையன் பந்தைத் தொட வரமாட்டான்.

ஆட்ட நாள்

செய்ய வேண்டியவை

• இடைவேளைக்குத் தயாராக இருங்கள். கால்பந்தில் இடைவேளை 15 நிமிடத்துக்கு மேல் இல்லை. அதுவரை ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்கு ஒரே நேரத்தில் நூறு பேர் வந்து நிற்பார்கள். நாற்பதாவது நிமிடத்திலேயே டிகாக்‌ஷன் இறங்கியிருக்க வேண்டும், பால் கொதிநிலையில் இருக்க வேண்டும், டம்ளர்கள் வரிசையாக இருக்க வேண்டும். காசு வாங்கி டோக்கன் கொடுக்க ஒருவர், ஊற்ற ஒருவர், டம்ளர் பொறுக்க ஒரு பையன். டீ ஊற்றுகிறவர் காசைத் தொடக்கூடாது. இதை ஒரு முறை ஒழுங்காகச் செய்தால், ஒரு வார வியாபாரம் அந்தக் கால்மணி நேரத்தில் முடியும்.

• வந்திருக்கும் டீமுக்கு முதல் டம்ளர் கொடுங்கள். மலையேறி வந்தவர்களுக்கு உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் வாழைப்பழமும் மன்றச் செலவில் இருக்கட்டும். தோற்றாலும் அந்த உபசாரம் அவர்களுக்கு மறக்காது, அடுத்த டோர்னமென்டுக்கு அவர்களே ஆள் சேர்த்துக்கொண்டு வருவார்கள். ரெஃபரிக்குச் சேர வேண்டிய பணத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

• முதலுதவிப் பெட்டி கடையில் இருக்கட்டும். ஐஸ் கிடைத்தால் தெர்மோஸில் வையுங்கள், 108 எண்ணைச் சுவரில் எழுதுங்கள், எந்த இடத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறுகிறவரை அன்று திரும்ப இறக்க வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• கூட்டம் வருகிறதே என்று மூங்கிலும் பலகையும் கட்டித் தற்காலிகக் கேலரி போடாதீர்கள். கேரளத்து மலப்புறத்தில் பக்கத்துக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் ஆட்டங்கள் டிக்கெட் காசிலேயே ஊருக்கு எவ்வளவோ நன்மை செய்பவை. அங்கேயே 2022 மார்ச்சில் பூங்கோட்டில் நடந்த ஃபைனலில் கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். நம்மிடம் சரிவு இருக்கிறது. புல்மேட்டில் உட்காரச் சொல்லுங்கள்.

• இடி முழங்கும்போது ஆட்டத்தை ஓட்டாதீர்கள். தகரக் கொட்டகையிலோ ஒற்றை மரத்தடியிலோ கம்பத்து ஓரத்திலோ ஒண்டலாம் என்று கூட்டம் சேர விடாதீர்கள். பள்ளிக் கட்டடத்தின் சாவி அன்று மன்றத்தார் கையில் இருக்க வேண்டும்.

• டோர்னமென்ட் நாளில் விலையை ஏற்றாதீர்கள். வெள்ளிக்கிழமை 10 ரூபாய்க்கு விற்ற டீ ஞாயிற்றுக்கிழமையும் 10 ரூபாய்தான்.

கடையில் நிற்பவர்கள்

செய்ய வேண்டியவை

• ஊர் மகளிர் குழுவிடம் சமையலைக் கொடுங்கள், கூலியையும் கொடுங்கள். அம்மாவும் அக்காவும் சும்மா செய்துகொடுப்பார்கள் என்று எண்ணினால் ஒரு மாதத்தில் அவர்களுக்குச் சலித்துவிடும். நிர்வாகக் குழுவிலும் பெண்கள் இருக்கட்டும், கல்லாச் சாவிகளில் ஒன்று அவர்களிடம் இருக்கட்டும்.

• பெண்கள் டீம் ஒன்றையும் சேர்த்தே தொடங்குங்கள். 2016-இல் மதுரையில் தொடங்கிய சேது எஃப்.சி. மூன்றே ஆண்டில், 2019-இல், இந்திய மகளிர் லீகை வென்றது. மலைப் பிள்ளைகளின் காலுக்கு என்ன குறை? மேடு ஏறி, ஓடை தாண்டிப் பள்ளிக்கு நடந்த கால்கள். அவர்களுக்கு வேண்டியது உடைமாற்ற ஓர் அறை, ஒரு கழிப்பறை, இருட்டுவதற்குள் முடிகிற பயிற்சி. கடையின் முதல் லாபத்தில் அந்த அறையைக் கட்டுங்கள்.

செய்யக்கூடாதவை

• பள்ளி நேரத்தில் பிள்ளைகளைக் கடையில் நிறுத்தாதீர்கள். உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து லீவுக்கு வந்த பையன் ஞாயிற்றுக்கிழமை டம்ளர் பொறுக்கினால் சரி. பாடநாளில் கல்லாவில் உட்கார்ந்தால் மன்றம் அவனுக்குக் கெடுதல் செய்கிறது.

• ஒரே ஆளை ஆண்டுக்கணக்கில் கடையில் உட்காரவைக்காதீர்கள். நேர்மையானவரையும் ஊர் சந்தேகிக்கத் தொடங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பொறுப்பு மாறட்டும்.

லாபம் எங்கே போக வேண்டும்

செய்ய வேண்டியவை

• லாபத்தை முன்கூட்டியே பங்கு போடுங்கள். ஒரு பங்கு பந்து, வலை, பூட்ஸ். ஒரு பங்கு பயணமும் நுழைவுக் கட்டணமும். ஒரு பங்கு கடையின் பழுதுபார்ப்புக்கும் மழைமாதங்களுக்கும். மிச்சமுள்ள பங்கு படிப்புக்கு.

• அந்தப் படிப்புப் பங்கை எந்த நெருக்கடியிலும் தொடாதீர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி, தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். படிப்பை விட்டுவிட்டு, கையில் வேலை இல்லாமல் நிற்கும் பையனைத்தான் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் ஏஜென்ட் முதலில் தேடி வருகிறான். தேர்வுக் கட்டணம், கல்லூரி விண்ணப்பம், விடுதிக்குப் போகும் பஸ் காசு என்று மன்றம் ஆயிரம் ரூபாய் நீட்டுகிற நேரத்தில் அந்த ஏஜென்டின் முன்பணத்துக்கு வேலை குறைகிறது. கோல் போடத் தெரியாத பையனுக்கும் இந்தப் பங்கில் உரிமை உண்டு.

செய்யக்கூடாதவை

• வெளியூர் ஆட்டக்காரரைக் காசு கொடுத்துக் கூட்டி வந்து கோப்பை வாங்காதீர்கள். கடையின் ஆறு மாத உழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கரைந்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் நம் பையன் அதோடு ஆடுவதையே விட்டுவிடுவான்.

• பெரிய கோப்பை, பெரிய பேனர், பட்டாசு என்று லாபத்தை ஒரே நாளில் தீர்க்காதீர்கள். பேனரில் முகம் போட்டவர்களுக்கு அது பிடிக்கும், பந்து வாங்கக் காசு இருக்காது.

• கடை நன்றாக ஓடுகிறது என்பதற்காக டீமை மறந்துவிடாதீர்கள். பயிற்சி நடக்கும் நேரத்தில் ஆட்டக்காரர்களே டீ ஆற்றிக்கொண்டு நின்றால், கடை இருப்பதன் காரணமே போய்விட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கடை வந்த பிறகு மைதானத்தில் பிள்ளைகள் கூடினார்களா, குறைந்தார்களா? குறைந்திருந்தால், லாபம் எவ்வளவு வந்திருந்தாலும் நடத்தும் முறையை மாற்றுங்கள்.

தொடங்குவதற்குப் பெரிய முதல் வேண்டாம். அடுத்த கிராம சபை எந்தத் தேதி என்று பாருங்கள். அதற்குள் ஏழு பேரைச் சேர்த்து, மது இல்லை, கடன் இல்லை, கணக்கு சுவரில் ஒட்டப்படும் என்ற மூன்று விதிகளை ஒரு தாளில் எழுதி, ஏழு பேரும் கையெழுத்துப் போட்டு ஊர் முன்னால் படியுங்கள். அதன் பிறகு அடுப்பு வாங்கலாம்.